வீட்டுச் சாட்சி

வைத்தீஸ்வரனின் மருந்துக்கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மேலே இருந்த பெயர்ப்பலகையைக் காணோம். நீலத் தார்ப்பாய் ஒன்றை அதன்மேல் போர்த்தி நாலு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கன்னட எழுத்துக்குக் கீழே சின்னதாகத் தமிழ் எழுத்தும் இருந்த பலகை அது. காவிரித் தண்ணீருக்குச் சண்டை வந்துவிட்டால் லிங்கராஜபுரத்தில் முதலில் ஒளிந்துகொள்வது தமிழ் எழுத்துதான். சாந்தகுமாரிக்கு அது தெரியாததல்ல. தெரிந்தும், கூடையும் கையுமாக அந்த ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

"வைத்தி அண்ணன் ஊருக்குப் போயிட்டாரும்மா" என்றாள் பக்கத்துப் பூக்காரி. "நேத்து பசங்க வந்து போர்டைக் காட்டிக் கத்திட்டுப் போனாங்கோ. நாளைக்கி பந்த் வேற. கலாட்டா அடங்கினா வருவாரு. சும்னே நிக்காதே, வீட்டுக்குப் போ."

"எப்போ வருவாரு?"

"அது அந்த கவர்மென்ட்டுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?"

சாந்தகுமாரி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். கடுகு டப்பாவில், கடுகுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டையில் கடைசி மாத்திரையை இன்று காலை எடுத்தாகிவிட்டது. இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் கில்பர்ட் சபையில் எழுந்து, கர்த்தர் தன் வலிப்பை நீக்கிவிட்டார் என்று சாட்சி சொல்லப் போகிறான். பக்கத்தில் அவள் நின்று 'உண்மை' என்று சொல்ல வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தது அந்த வலிப்பு. ஹெண்ணூர் ரோட்டுப் பட்டறை ஒன்றில் கில்பர்ட்டுக்கு பிரஸ் மெஷின் வேலை. தகடை உள்ளே தள்ளி, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி வெட்டும். கண் இமைக்கும் நேரத்தில் வாஷர் வாஷராக வந்து விழும். ஒருநாள் தகடைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்துவிட்டான். நல்ல வேளை, பின்பக்கமாகச் சாய்ந்தான். அதோடு அவனை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பெண்களோடு உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. மாத்திரை சாப்பிட்டான். வலிப்பு குறைந்தது, ஆனால் அவன் பேச்சும் குறைந்தது, சிரிப்பும் குறைந்தது.

பிறகு, போன பிப்ரவரியில், அவனுடைய அக்கா டோரீன் அவனைத் தகரக் கொட்டகைச் சபைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சபைக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. கூரை தகரமாக இருந்ததால் எல்லோருக்கும் அது தகரக் கொட்டகைதான். பாஸ்டர் தெயோபிலஸ் தலையில் கை வைத்து ஜெபித்தபோது உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சுடுதண்ணீர் ஊற்றினதுபோல் இருந்தது என்று கில்பர்ட் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை எல்லாம் சாக்கடையில் கொட்டினான். டாக்டர் சீட்டைச் சுக்கலாகக் கிழித்தான். "நம்பிட்டு அப்புறமும் மாத்திரை தின்னா, அது ஆண்டவர் மூஞ்சில எச்சில் துப்பற மாதிரி" என்றான். அதைச் சொல்லிக் கொடுத்தது டோரீன்.

சாந்தகுமாரி மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் எழுந்து நின்று கத்தினார். "திடீர்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும்மா. உயிரே போகும். புரியுதா?" அவளுக்குப் புரிந்தது. அவர் எழுதிக்கொடுத்த சீட்டை வைத்தீஸ்வரனிடம் ஒருமுறை காட்டினாள். அன்று ராத்திரியே, கில்பர்ட் கண்ணில் படக்கூடாதென்று அடுப்பில் போட்டாள். அதன்பிறகு வைத்தீஸ்வரன் சீட்டு கேட்டதில்லை. முகத்தைப் பார்த்ததும் ஒரு அட்டையை எடுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார். ஒரு அட்டைக்கு மேல் வாங்கி வைக்க அவளுக்குத்தான் பயம்.

காலையில் கில்பர்ட் குளிக்கப் போகும் நேரத்தில், ஏலக்காய் இடிக்கும் சின்ன உரலில் மாத்திரையைப் போட்டு இடிப்பாள். ராகிக் கஞ்சியில் கலந்து வெல்லத்தை அள்ளிப் போடுவாள். இடிக்கும்போது அவள் வாயில் வரும் ஜெபம் ஒன்றே ஒன்றுதான்: "ஆண்டவரே, கசப்பு தெரியாம இருக்கட்டும்." இதெல்லாம் ஒரு ஜெபமா என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். டோரீன் அண்ணி ஜெபம் செய்தால் அரைமணி நேரம் வார்த்தை அருவியாகக் கொட்டும். சாந்தகுமாரி கல்யாணத்துக்கு முன்பு ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் இருந்த பழைய கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய் வளர்ந்தவள். அங்கே அச்சடித்த ஜெபத்தை மெதுவாகச் சேர்ந்து வாசிப்பார்கள். சொந்தமாக ஜெபம் செய்ய அவளுக்கு யாரும் பழக்கிவிடவில்லை.

மகள் டீனா ஒருநாள் தெரியாமல் அப்பாவின் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டாள். முகம் கோணிற்று. தொட்டிக்குப் போய்த் துப்பினாள். உரலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வெல்ல டப்பாவைத் திறந்து இன்னொரு துண்டை எடுத்து அந்தக் கஞ்சியில் போட்டுக் கலக்கினாள். பதினாலு வயசுப் பெண். அன்று முதல் அப்பா தட்டில் அவள் கை வைப்பதில்லை.

வலிப்பு வரவில்லை. பிப்ரவரி போய், கோடை போய், மழையும் வந்துவிட்டது, வரவில்லை. கில்பர்ட் பழைய கில்பர்ட் ஆனான். கேட் திறக்கும்போதே பாட்டு. பேக்கிங்கில் இருந்த பெண்களுக்கெல்லாம் சுவிசேஷம். சாந்தகுமாரி அவன் சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு எதன்மேல் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வாள். திருட்டு மாத்திரைமேல் நிற்கும் விசுவாசம். அதை உருவினால் என்ன ஆகும்?

அன்று சாயங்காலம் அவன் வழக்கத்தைவிட சீக்கிரமே வந்தான்.

"சாந்தி! திங்கக்கிழமை!"

"திங்கக்கிழமைக்கு என்னங்க?"

"பிரஸ்! மேஸ்திரி பழனிச்சாமி ஒத்துக்கிட்டான். 'எட்டு மாசமா ஒண்ணும் வரலையே கில்பர்ட்டு, பழைய மெஷினுக்கே வா'ன்னுட்டான். ஞாயித்துக்கிழமை சாட்சி, திங்கக்கிழமை மெஷின். கர்த்தர் எப்படி வரிசையா வெச்சிருக்காரு பாரு!"

அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தப் பட்டறையில் ஆதிகேசவன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு வலிப்பு கிடையாது, ஒரு நோயும் கிடையாது. ஒரே ஒரு தும்மல். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் பேக்கிங்லயே..."

"அட்டப்பெட்டி ஒட்டி ஒட்டி என் கையே பசையாப் போச்சு. போதும்மா தாயே." அவன் கண்ணாடி முன்னால் போய், சீப்பை மைக் மாதிரிப் பிடித்தான். "சபையோரே! எட்டு மாசத்துக்கு முன்னாடி நான் செத்த பொணம்! டீனா, சத்தம் பின்வரிசைக்குக் கேக்குதா?"

"தெருவுக்கே கேக்குது டாடி."

"நல்லா கேக்கட்டும்!"

சாந்தகுமாரி சமையலறைக்குள் போய் வெங்காயம் நறுக்கினாள். தேவைக்குமேல் நறுக்கினாள். இன்றே சொல்லிவிடலாம், சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவன் டீனாவுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பந்த். தெரு வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. எங்கோ டயர் எரிகிற வாசனை மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. கில்பர்ட் உபவாசம் என்று காலையில் கஞ்சி வேண்டாம் என்றான். கஞ்சியில் போட இருந்தால்தானே, அவள் கவலைப்பட? ஆனாலும் பழக்கம், உரலைக் கழுவித் துடைத்து, மறுபடி கழுவினாள். அவன் படுத்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். கை கொஞ்சம் அசைந்தாலும் ஓடினாள்.

"என்னடி, பூனை மாதிரி சுத்தி சுத்தி வர்ற?"

"ஒண்ணுமில்லங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அப்போது பார்த்துக் கதவைத் தட்டினாள் டோரீன். பந்தாவது ஒன்றாவது, சந்து சந்தாகப் புகுந்து வந்திருந்தாள். கையில் ஒரு வெள்ளைச் சேலை.

"ஸ்தோத்திரம்! இந்தா சாந்தா, ஞாயித்துக்கிழமை இதக் கட்டு. எல்லார் முன்னாடியும் நிக்கப்போற. பழைய நைட் லேம்ப்பு மாதிரி மங்கலா நிக்காத."

"சரி அண்ணி."

"'உண்மை'ன்னு சத்தமா சொல்லணும். உங்க பழைய கோயில்ல முனகற மாதிரி முனகினா மைக்குக்கே கேக்காது. எங்க, ஒருதரம் சொல்லு பாப்போம்."

சாந்தகுமாரி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"பாத்தியாடா கில்பர்ட்டு? எட்டு மாசமா அற்புதத்தோட ஒரே வீட்ல இருந்துட்டு, ஒரு வார்த்தை வரல உன் பொண்டாட்டிக்கு."

"விடுக்கா. அவ மனசுல சொல்லுவா" என்று கில்பர்ட் சிரித்தான்.

அந்தச் சபையில் அது கண்டிப்பான வழக்கம். சுகமானவன் மட்டும் எழுந்து சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கூட வாழ்கிறவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று 'உண்மை' என்று சொல்ல வேண்டும். வீட்டுச் சாட்சி என்று அதற்குப் பெயர். முன்னே யாரோ ஒருவன் குடியை விட்டுவிட்டதாகச் சாட்சி சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே குடித்துவிட்டுச் சபை வாசலில் விழுந்து கிடந்தானாம். அதற்கப்புறம் பாஸ்டர் கொண்டுவந்த ஏற்பாடு. "ஜனங்க முன்னாடி ஏமாத்தலாம். கூடத் தூங்கறவங்களை ஏமாத்த முடியாது" என்பார் அவர். கூடத் தூங்குகிறவளே ஏமாற்றுவாள் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பஸ் ஓடியது. சாந்தகுமாரி காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் இருந்த மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினாள். டாக்டர் சீட்டு எங்கே என்று எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "சீட்டு எல்லிம்மா?" ஆஸ்பத்திரிக்குப் போனாள். சனிக்கிழமை வலிப்பு டாக்டர் கிடையாது, திங்கட்கிழமை வா என்றார்கள். திங்கட்கிழமை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

கால் தானாக ரிச்சர்ட்ஸ் டவுன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. உள்ளே யாரும் இல்லை. ஒரு ஆள் மட்டும் பெஞ்சுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் முட்டி போட்டாள். பேச வேண்டியது மலை மாதிரி இருந்தது, எங்கே பிடித்துத் தொடங்குவது என்று தெரியவில்லை. நான் செய்தது பாவமா? நம்பிக்கை இல்லாததால்தானே மாத்திரை கொடுத்தேன்? நான் கொடுக்காமல் இருந்திருந்தால் நீர் நிஜமாகவே சுகமாக்கியிருப்பீரா? அப்படியானால் உம்முடைய அற்புதத்தைத் திருடியவள் நான்தானா? சொன்னால் அவன் உம்மை விட்டுவிடுவான். சொல்லாவிட்டால் மெஷின். எதை எடுக்க?

துடைக்கிற ஆள் அவள் பெஞ்சு வரை வந்து, "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார். அவள் தள்ளி முட்டி போட்டாள். முட்டி வலித்ததும் எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

கில்பர்ட் வாசல்படியில் உட்கார்ந்து, மறுநாள் போட வேண்டிய ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தான். டீனா கடைக்குப் போயிருந்தாள். இதுதான் சமயம்.

"என்னங்க, திங்கக்கிழமை மெஷினுக்குப் போகாதீங்க."

"ஏன்?"

"நான் ஒண்ணு..."

"சாந்தி, உக்காரு." அவன் பிரஷை வைத்தான். "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. ஜனவரில நான் ரயில் கேட்டுக்குப் போய் நின்னேன் ஒருநாள். சும்மா இல்ல. புரியுதா? ரயில் வந்துச்சு. கால் நகரல. திரும்பி வந்துட்டேன். அடுத்த மாசம் பாஸ்டர் கை வெச்சாரு. ஆண்டவர் என் தலைமேல கை வெக்கலன்னா, நான் மறுபடி போயிருப்பேன். அதான் எனக்கு இந்த சாட்சி இவ்வளவு முக்கியம்." பிரஷை எடுத்தான். "இப்ப சொல்லு. என்ன?"

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். கறுப்புப் பாலீஷ் அப்பிய விரல்கள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. ஃபேன்கள் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் கொடுத்தன. வெள்ளைச் சேலை அவளுக்கு நிற்கவில்லை. மொடமொடவென்று ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் போட்டது. கில்பர்ட் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தான். நன்றாகப் பேசினான். அவன் அழுதபோது முன்வரிசை அழுதது. அவன் சிரித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். "அட்டப்பெட்டிக்குள்ள என்னைப் போட்டு ஒட்டி வெச்சிருந்தான் சாத்தான். கர்த்தர் பிரிச்சாரு! நாளைக்கு இந்தக் கை மறுபடி மெஷின்ல!" இரண்டு கையையும் மேலே தூக்கினான். பத்து விரலும் விரிந்திருந்தன.

"வீட்டுச் சாட்சி!" என்றார் பாஸ்டர். "சிஸ்டர் சாந்தகுமாரி, வாங்க."

டோரீன் பின்னாலிருந்து முதுகைத் தள்ளினாள். எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மைக் கில்பர்ட்டின் கைச்சூட்டோடு அவள் கைக்கு வந்தது. அவன் அவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். சொல்லு, பயப்படாதே, ஒரே வார்த்தைதானே என்கிற சிரிப்பு.

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லாமல் இல்லை. எட்டு மாசமாகக் கஞ்சியில் பொய்தான் கரைத்தாள். ஆனால் அது வாயால் சொன்ன பொய் இல்லை. இங்கே ஆண்டவர் பெயரைச் சொல்லி, அந்தப் பத்து விரலையும் மெஷினுக்குள் தள்ள வேண்டியிருந்தது.

"எட்டு மாசமா இவருக்கு வலிப்பு வரல" என்றாள். குரல் ஸ்பீக்கரில் அவளுக்கே யாருடையதோபோல் கேட்டது. "அது உண்மை."

"அல்லேலூயா!" என்றது கூட்டம்.

"மாத்திரையும் நிக்கல. அதுவும் உண்மை. நான்தான் தினமும் இடிச்சு இவரு கஞ்சில கலந்தேன். இவருக்குத் தெரியாது. இவரு பொய் சொல்லல. வியாழக்கிழமையோட மாத்திரை தீந்து போச்சு. நாளைக்கு மெஷினுக்குப் போக வேணாம்னு சொல்லுங்க பாஸ்டர். நான் சொன்னா கேக்க மாட்டாரு."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். பிறகு டோரீனின் குரல்: "பிசாசே! வீட்டுக்குள்ளயே பிசாச வெச்சுக்கிட்டு..." பல பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பாஸ்டர் தெயோபிலஸின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவர் அவள் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். "உக்காருங்க எல்லாரும். வீட்டுச் சாட்சின்னு நான்தான் கேட்டேன். சிஸ்டர் சொன்னாங்க" என்றார். பாட்டு பாடச் சொன்னார்.

கில்பர்ட் பாட்டுக்கு நிற்கவில்லை. பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டான்.

சாந்தகுமாரியும் டீனாவும் பின்னாலேயே ஓடினார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். ரயில் கேட்டை நோக்கித்தான் நடந்தான். மொடமொடத்த சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கேட்டுக்கு முன்னால், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், அவன் நின்றான். கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது.

அவள் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிட்டான். இளநீர்க்காரன் சாவியை எடுத்து, "கையில இரும்பக் குடும்மா" என்றான். அவள் அதைத் தட்டிவிட்டாள். அவனைப் பக்கவாட்டில் புரட்டி, தலைக்குக் கீழே தன் கையை வைத்தாள். தரையில் மோதி மோதி அவள் புறங்கை தோல் உரிந்தது. டீனா அப்பாவின் ஷூவைக் கழற்றினாள். வெள்ளைச் சேலையில் நுரையும் ரத்தமும் பட்டன. "ஆண்டவரே, நிக்கட்டும், ஆண்டவரே, நிக்கட்டும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் நின்றது. அவள் சொன்னதால் நின்றதா, நிற்கிற நேரம் வந்து நின்றதா என்று அவள் யோசிக்கவில்லை.

கண் திறந்ததும் அவன் முதலில் சொன்னது: "அப்போ எல்லாமே மாத்திரைதானா?"

அவள் சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. வைத்தீஸ்வரன் திரும்பி வந்து தார்ப்பாயை அவிழ்த்தார். கில்பர்ட் தானே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கி, தானே மாத்திரை வாங்கி வந்து மேசைமேல் டப்பென்று வைத்தான். "இதான் சாமி. இதுக்கு நீ தினம் முட்டி போடு" என்றான். வேதப் புத்தகத்தை அலமாரி உச்சியில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் தள்ளினான். சுவரில் மாட்டியிருந்த வசனத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் சட்டையைத் தொங்கவிட்டான். பேக்கிங் வேலை மட்டும் மிச்சமிருந்தது. சுவிசேஷம் கேட்ட பெண்கள் இப்போது அவனைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். டோரீன் வருவதை நிறுத்திவிட்டாள். தம்பி சுகமானான், பெண்டாட்டியின் அவிசுவாசத்தால் அது திரும்பிப் போயிற்று என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்கு அவன் உட்காரவில்லை. டீனா பாட்டை ஆரம்பித்தால் டிவியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றுவான். அம்மாவும் மகளும் அந்த விளம்பரச் சத்தத்துக்குள்ளேயே பாடுவார்கள். சாந்தகுமாரிக்கு அதில் பெரிய உற்சாகம் ஒன்றும் இல்லை. சில நாள் பாட்டு முடியும்வரை கொதிக்கிற குழம்பைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மணி வந்தால் பாயை விரிப்பாள்.

பாஸ்டர் ஒருமுறை வந்தார். வாசலிலேயே நின்று, "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகட்டுமா பிரதர்?" என்றார்.

"கை வெப்பீங்களா பாஸ்டர்? சூடா இருக்குமே" என்றான் கில்பர்ட். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

டிசம்பர் பிறந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறியது. இவர்கள் வீட்டில் ஏறவில்லை. ஒரு விடியற்காலை, மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கில்பர்ட்டுக்கு மறுபடி வலிப்பு வந்தது. டாக்டர், சில பேருக்கு அப்படித்தான், அளவைக் கூட்டலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். கில்பர்ட்டுக்கு அது சாதாரணமாக இல்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் டிவியைக்கூடப் போடவில்லை.

"ஆண்டவரும் கை விட்டாரு. மாத்திரையும் கை விட்டுருச்சு" என்றான். "இனிமே யாரு?"

அவள் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நீ எப்படி இன்னும் முட்டி போடற? எதப் பாத்து?"

"தெரியலங்க."

"தெரியாம எப்படி?"

"உங்களுக்கு நல்லாகணும்னுதான் கேக்கறேன். எட்டு மாசம் கேட்டேன். வரல. அப்புறம் வந்துச்சு. மறுபடி கேட்டேன். இன்னிக்கும் வந்துச்சு." ஒரு முற்றின தண்டை ஒடித்துத் தூரப் போட்டாள். "கோவமாத்தான் இருக்கு. கோவத்தையும் அவர்கிட்டதான் சொல்லணும். வேற யாரு இருக்கா? டோரீன் அண்ணிகிட்டயா போய்ச் சொல்லட்டும்?"

எதிர்பாராமல் அவன் சிரித்துவிட்டான். மூக்கு வழியாக வந்த அரைச் சிரிப்பு. உடனே அதை விழுங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலமும் டீனா பாயை விரித்தாள். டிவி ஓடவில்லை. அவன் பாயில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசல்படியில், பாதி வெளியே பாதி உள்ளே உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்தது.

மறுநாள் காலை சாந்தகுமாரி மாத்திரையை உரலில் போட்டாள். யாரும் ஒளிக்கச் சொல்லவில்லை, ஒளிக்க எதுவும் இல்லை, கைப்பழக்கம். உலக்கையைத் தூக்கின நேரத்தில் அவன் பின்னால் வந்து நின்றான்.

"இடிக்காத. முழுசாவே குடு."

அவள் மாத்திரையை உரலிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"எட்டு மாசம் இடிச்சியே, அப்ப என்ன சொல்லிட்டு இடிப்ப?"

அவளுக்கு முகம் சிவந்தது. "ஒண்ணுமில்ல."

"சொல்லுடி."

"கசப்பு தெரியாம இருக்கட்டும்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் அவள் கையைப் பார்த்தான். அவள் புறங்கையில், ரயில் கேட்டுப் பக்கம் உரிந்த தோல் இன்னும் வேறு நிறமாக இருந்தது. சுவரில் சட்டை அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான், பசை காய்ந்த, ஐந்து விரலும் முழுசாக இருந்த கை.

"கசக்கத்தான் செய்யும், குடு" என்றான். "இடிக்கறப்ப சொல்வியே, அத மட்டும் சொல்லிட்டுக் குடு."